கொண்டல் வரும்வரை

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வாஷிங் மிஷினின்
வெந்நீர்ப் பொத்தான்மேல்
ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டேன்.
மெரூன், பெரிய சைஸ்.
யாரும் அதை அமுக்கக் கூடாது.
எட்டியப்பன் சிரித்தார்:
"மிஷினுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

சிரிக்கட்டும்.
போன தடவை ரீடிங் எடுத்தவர்
அட்டையில் எழுதிப்போன எண்ணைப் பார்த்து
பாதிச் சோற்றில் கை கழுவியவர் அவர்தான்.

பச்சைத் தண்ணீரிலேயே அழுக்கு போகும்.
காலர் மடிப்பில் முதல்நாள் ராத்திரியே
சோப்பைத் தேய்த்து ஊறவைத்தால் போதும்.
கன்டெய்னர் கட்டுகிற கையின் கிரீஸ்
கொஞ்சம் அடம்பிடிக்கும்.
அதற்குப் பழைய டூத் பிரஷ் இருக்கிறது.
என் வலது தோள் இருக்கிறது.

அரைக்கூடைத் துணிக்கு மிஷின் ஓடாது.
புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம் என்று
செவ்வாய் ராத்திரி பத்து மணிக்குச் சொல்லும்
ஜோஷிகாவுக்காக ஓடவே ஓடாது.
வாளி இருக்கிறது, போய் நீயே கசக்கு.

கடைசி அலசலின் தண்ணீரைக்
குழாயோடு பிடித்து வாளியில் விடுவேன்.
முதலில் பாத்ரூமுக்கு,
மிச்சம் மூன்று மாடிப் படிக்கட்டுக்கு.
லாரித் தண்ணீரை ஒரே தடவையில்
சாக்கடைக்கு அனுப்ப மனசு வராது.
கீழ்வீட்டு ஜெசிந்தா சொல்வாள்,
"உன் புடவையும் படியும் ஒரே வாசனைடி."

காயப்போடுவதில்தான் இருக்கிறது சங்கதி.

பள்ளிக்கூடத்தில்
நான்கு காற்றுக்கும் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள்.
வடக்கே வாடை, தெற்கே தென்றல்,
மேற்கே கோடை, கிழக்கே கொண்டல்.
எர்ணாவூர் மொட்டைமாடியில்
அந்தப் பாடத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன்.
கோடை என்றால் மணலி.
துணி காய்ந்த பிறகும்
சிலிண்டர் கசிகிற மாதிரி இருக்கும்.
தென்றல் என்றால்
துறைமுகத்துக்கு வரிசை நிற்கும் டிரெய்லர் புழுதி.
தென்றலைப் பாடிய யாரும்
இங்கே டவுசர் காயப்போட்டதில்லை.
வாடைதான் மோசம்.
புகைபோக்கிகள் அந்தப் பக்கம்.
நிலக்கரிச் சாம்பல்
சொந்தக்காரர் மாதிரி
சொல்லாமல் வந்து உட்காரும்.
கொண்டல் ஒன்றுதான் நம்ம கட்சி.
பதினொன்றரைக்கு மேல் கடலிலிருந்து வரும்.
கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கருவாடு.
பரவாயில்லை.

அதுவரை ஈரக்கூடையோடு
தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருப்பேன்.
காசில்லாத காலை வெயில்
கண்ணெதிரே வீணாய்ப் போகும்.
ஒற்றை ஊதுபத்தி கொளுத்தி
புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்ப்பேன்.
எதிர் பிளாக்கில்
இதைப் பக்தி என்று நினைக்கிறார்கள்.

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்.
கொண்டல் வரவேயில்லை.
ஒரு மணிவரை பார்த்தேன், இரண்டுவரை பார்த்தேன்,
போட்டுவிட்டேன்.
ஐந்து மணிக்கு எடுக்கும்போது
வெள்ளைச் சட்டையின் தோளில், பாக்கெட் விளிம்பில்
விரல் பட்டால் கோடு விழுகிறது.
உதறினேன். போகவில்லை.

மறுபடி மிஷினில் போட்டால்
மறுபடி கரன்ட்.
கரன்டுக்கு மறுபடி கரி,
கரிக்கு மறுபடி சாம்பல்,
சாம்பலுக்கு மறுபடி என் பிள்ளை சட்டை.
கதவைத் திறந்துபிடித்தபடி
எவ்வளவு நேரம் நின்றேனோ.
பொட்டு என்னையே பார்த்தது.

அப்புறம் வாளியில்தான் கசக்கினேன்.
விடிய விடிய ஃபேனுக்குக் கீழே தொங்கியது.
விடிய விடிய ஃபேன் ஓடியது.

அன்றிலிருந்து எல்லாத் துணியையும்
உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப்போடுகிறேன்.
நிறம் வெளுக்காது என்று
ஜெசிந்தாவிடம் சொல்லியிருக்கிறேன்.
அதுவும் உண்மைதான்.
பள்ளிக்கூடத்தில்
வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறதாம்.

ஜோஷிகா மட்டும்
சாப்பிடும்போது தோளைச் சுவரில் தேய்க்கிறாள்.
"சோப்பு சரியா அலசலையாம்மா?"
ஆமாம் என்றேன்.